புல்வெளி நாய்க்கு இரண்டாவது கையெழுத்து

மார்ச் 1, சனி

மைனஸ் ஒன்பது. ட்ரைவ்வே பனி அள்ளி முதுகு போச்சு. அள்ளியது நான். ஜன்னலால் பார்த்துக் குறை சொன்னது அம்மா.

ஆனால்!!! பண்ணையிலிருந்து பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் தென் டகோட்டாவில் (இனி தெ.ட.) மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் மனுசி. ஜூலை மூன்றாம் கிழமை, மூன்று நாள், நானும் ஜெனியும் வரலாமாம். மேய்ச்சல் நிலம் முழுக்கப் புல்வெளி நாய் (இனி பு.நா.). பெயர்தான் நாய். ஆள் மண்ணுக்குள் குடியிருக்கும் குண்டன், அணில் சாதி. பொந்துக்குள் கால் விட்டு மாடுகள் முறித்துக்கொள்கின்றன, புல்லும் மிஞ்சுவதில்லை, சுட்டுக் குறைத்துத் தந்தால் சந்தோஷம் என்று எழுதியிருக்கிறா. நாலு வருடம் வீடியோ பார்த்துப் பார்த்து, காற்றுக் கணக்குப் படித்துப் படித்து, கடைசியில் இது. கத்தினேன். கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர் கூரையில் தட்டினார்.

மனுசியின் நிபந்தனைகள்:
– வருகிற ஒவ்வொருவரும் சொந்த நாட்டுத் துவக்கு லைசன்ஸ் வைத்திருக்க வேண்டும். சும்மா பார்க்க வந்தேன் என்ற கதை வேண்டாம்.
– பொந்து ஆந்தை இருக்கும் பக்கம் குழல் திரும்பவே கூடாது.
– பாம்பு உண்டு. உயரச் சப்பாத்து.
– லைசன்ஸ் நம்பர் மே முடிவதற்குள். இல்லையென்றால் எங்கள் இடம் வேறு ஆட்களுக்கு.

ஜெனியிடம் லைசன்ஸ் இருக்கிறது. என்னிடம் பாதுகாப்பு வகுப்புப் பாஸ் பண்ணின தாள் மட்டும். ஒரே ஒரு கேள்வி பிழை. அதுவும் கேள்விதான் பிழை. இனி விண்ணப்பம். என்னை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று ஜெனி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து கூட்டாளி, வைத்தாயிற்று. இரண்டாவது? பெரிய விஷயமா. எங்கள் ஆட்களிடம் கையெழுத்துக்குப் பஞ்சமா.

மார்ச் 2, ஞாயிறு

அஜின்கோர்ட். ரவி அங்கிளின் ரக்ஸ் ஒஃபிஸ். வருமான வரி சீசன் என்பதால் ஞாயிறும் திறப்பு, நாற்பது நிமிடம் வரிசை. எங்கள் வீட்டுப் பாஸ்போர்ட் படங்கள் எல்லாவற்றின் பின்பக்கமும் இவர் கையெழுத்துத்தான். ஏழு மாதத்தில் நான் மொட்டையாக இருக்கும் படம் உட்பட.

பேனையைத் திறந்தார். எங்கே வைக்க என்று கேட்டார். காட்டினேன். அதற்குப் பிறகுதான் மேலே வாசித்தார். பேனையை மூடினார்.

"உது துவக்குப் பேப்பரெல்லோ?"

"ஓம் அங்கிள். வேட்டைக்கு. அமெரிக்காவிலை."

"என்னத்தைச் சுடப் போறாய்?"

போனில் படம் காட்டினேன். பிழை. பெரும் பிழை. பு.நா. இரண்டு காலில் எழும்பி, கையை நெஞ்சில் சேர்த்து நிற்கும் படம்.

"ஐயோ, கும்பிட்டுக்கொண்டெல்லோ நிக்குது."

"அது சும்மா நிக்கிறது அங்கிள்!"

"சுட்டாச் சாப்பிடுவியளோ?"

"இல்லை."

"அப்ப ஏன்?"

எனக்குப் பின்னால் நின்ற அன்ரி, கேட்காமலே: "முயல் எண்டாலும் ஒரு கறி வைக்கலாம்."

மாட்டின் கால், புல், பொந்து எல்லாம் விளக்கினேன். அங்கிள் தாளைத் திருப்பித் தந்தார். "பிள்ளை, என்ர பேர் உதிலை போனா, நாளைக்கு எயார்போட்டிலை என்னை மறிச்சு வைச்சுக் கேள்வி கேப்பாங்கள். நீயும் பொம்பிளைப் பிள்ளை. கலியாணம் பேசேக்கை பெடியன்ர பகுதி என்னட்டைத்தான் வந்து விசாரிக்கும். நான் என்னத்தைச் சொல்லுறது?"

எந்தப் பெடியன்? எந்தப் பகுதி? வாசிக்காமல் ஊர் முழுக்கக் கையெழுத்து வைக்கிற மனுசன், வாழ்க்கையில் முதல்முறை வாசித்தது என்னுடைய தாளையா!!

மார்ச் 4, செவ்வாய்

மழையும் பனியும் சேர்ந்து. மிசிசாகாவுக்கு வேலைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். பார்சல் பிரிக்கும்போது கைதான் வேலை செய்தது, வாய் உள்ளுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. சுப்பர்வைசர் கையெழுத்து வைக்கத் தயார். நல்ல மனுசன். ஆனால் என்னைத் தெரிந்து பதினாலு மாதம்தான்.

இதுவரை:
– பழைய ரியூஷன் ரீச்சர்: "ஓம் ஓம், கட்டாயம்." பிறகு போன் எடுப்பதே இல்லை.
– மோர்னிங்சைட் மாமி: "மாமாவைக் கேட்டுச் சொல்லுறன்." மாமா: "மாமியைக் கேள்."
– மிருதங்கம் படிப்பித்த அண்ணை: "உன்ர தம்பி கேட்டிருந்தா வைச்சிருப்பன்." எனக்குத் தம்பியே இல்லை! இல்லாத தம்பியை நம்பலாம், என்னை நம்பேலாது!

பின்னேரம் அம்மாவுக்கு யாரோ போன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா. "நீ ஆமியிலை சேரப் போறியாம். உண்மையோ?"

இரண்டு நாள். அணில் சாதி மிருகம் இராணுவமாக மாற இரண்டே நாள்.

மார்ச் 5, புதன்

வேலை முடிந்து ஜெனியின் கார். அவள் நெற்றியில் சாம்பல், சேர்ச்சில் சாம்பல் புதன் பூசையால் நேரே வந்திருக்கிறாள். ஈஸ்ரர் வரை இறைச்சி இல்லையாம். டோனட் உண்டாம். ஆறு டோனட். வழி பார்த்தோம்: வின்ட்சரில் அமெரிக்க எல்லை, சிக்காகோவைச் சுற்றிப் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் தெ.ட. ஒரே துவக்கு, ஜெனியுடையது, மாறி மாறி. எல்லைத் தாள்கள் அவள் பொறுப்பு. நான் வாங்க வேண்டியது: மடிக்கிற மேசை, காதுக்கவசம், தெள்ளுக்கு ஸ்பிரே (பு.நா. தெள்ளில் நோய் வரும்), சப்பாத்து.

"எடி, வீட்டிலை கேளன். அம்மா அப்பாவும் வைக்கலாம், ஃபோமிலை மறுப்பு ஒண்டும் இல்லை."

"வீட்டிலை கேக்கிறதுக்கு ஆமியிலையே சேரலாம்."

சிரித்தாள். பிறகு சிரிக்காமல்: "உண்மையைச் சொல்லு. உனக்கு ஏன் இது?"

அவளுமா! கத்தினேன். காரை விட்டு இறங்கி பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். முந்நூறு மீற்றர். காற்று இடப்பக்கத்தால். புல் எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டு, மூச்சை நிறுத்தி, நான் சொன்ன இடத்தில் குண்டு விழ வேண்டும். யாரும் கற்றுத்தரவில்லை, நானே படித்தது, சரியா பிழையா என்று அந்த வெளி மட்டும்தான் சொல்லும். அதற்குத்தான். பு.நா. ஓர் உயிர் என்பதும் தெரியும்.  மாட்டின் காலைச் சொல்லிச் சமாளிக்கிறேன். இதை ரவி அங்கிளுக்குச் சொல்லவே மாட்டேன்.

மார்ச் 8, சனி

அப்பாவைக் கேட்டேன். அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார், சனிக்கிழமைதான் ஆறுதலாக இருப்பார். முழுக்கக் கேட்டார். குறுக்கே ஒரு சொல் இல்லை. நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

"அந்தப் பேப்பரை என்ர மேசையிலை வைக்காதை."

"ஏனப்பா?"

"இஞ்சை வந்த புதுசிலை, அகதிக் கேஸ் விசாரணை. ஒரு கேள்வியை நாலு விதமாக் கேட்டாங்கள். துவக்குப் பிடிச்சனியோ, தொட்டனியோ, ஆரும் தந்தவங்களோ, ஒளிச்சு வைச்சனியோ. நாலுக்கும் இல்லையெண்டனான். அது எங்கையோ ஒரு ஃபைலிலை இருக்கும். அந்தப் பேருக்குப் பக்கத்திலை உந்தச் சொல் வரக் கூடாது."

"அப்பா, நீங்கள் இப்ப சிற்றிசன்!"

"ஓம். அதுக்கு?"

ரிவியை உயர்த்தினார். அறைக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினேன். கோபம் முழுதாக இருக்கிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அது இன்னும் கோபம்.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். அரைத்தூக்கம். அம்மா சிங்கில் மீன் வெட்டிக்கொண்டு நின்றா. கேட்கத்தான் போனேன், சண்டையாகிவிட்டது.

"சாப்பிடேலாத சாமானைச் சுட ஆயிரத்தெட்டு மைல் போவினமோ? அணிலுக்கு?"

"அணில் இல்லை அம்மா! நீங்களும் ரவி அங்கிள் மாதிரியே கதைக்கிறியள். பெடியன்ர பகுதி விசாரிச்சா என்னைப் பற்றி என்னத்தைச் சொல்லுறதெண்டு கேக்கிறார்!"

மீன் வெட்டிய கத்தி நின்றது.

"ஆர்? ரவியோ?"

"ஓம். வரிசையிலை அவ்வளவு சனத்துக்கு முன்னாலை."

"என்ர பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வாய் வராதாமோ? அவன்ர மகன் மூண்டு தரம் ட்ரைவிங் ஃபெயில் விட்டதை ஊருக்கு நான் சொன்னனானோ?" (சொன்னவ. எனக்கே இரண்டு தரம்.) "கொண்டா உந்தப் பேப்பரை."

"ஒருக்கா வாசிச்சுப் பாத்திட்டு—"

"வாசிச்சா வைக்க மாட்டன். கொண்டா."

கையைக் கழுவாமலே வைத்தா. பெரிய எழுத்து, கோட்டைத் தாண்டி. தாளின் ஓரத்தில் ஒரு மீன்செதில் ஒட்டிக்கொண்டது. ஹோலில் அப்பா இருந்தவர், எல்லாம் கேட்டிருக்கும். 

மார்ச் 10, திங்கள்

தபாலில் போட்டாயிற்று. செதிலைச் சுரண்டினேன், மணத்தைச் சுரண்ட முடியவில்லை. அரசாங்கம் என்னைப் பற்றி முதலில் அறியப்போவது விளைமீன்.

மே 14, புதன்

ஜக்கற் தேவையில்லாத முதல் நாள். இரண்டு மாதம், ஒரு கடிதமும் இல்லை. பண்ணை மனுசி நேற்று எழுதினா: வேறு குழு ஒன்று எங்கள் நாட்களைக் கேட்கிறதாம், மே முடியும்வரை பிடித்து வைப்பாவாம். இன்றைக்கு எனக்கு லீவு. லைசன்ஸ் ஒஃபிஸுக்கு ஒரு கோபக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் பக்கம்.

பத்தே முக்காலுக்கு அம்மாவின் போன். தெரியாத நம்பரை அம்மா எடுக்கவே மாட்டா. பல் டொக்டரின் கிளினிக் என்று நினைத்து எடுத்துவிட்டா. லைசன்ஸ் ஒஃபிஸர்! ஒரு பெண்.

அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைக் கையால் அடக்கினா. மகளை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேள்வி. "பிறந்ததிலையிருந்து" என்பதை மூன்று விதமாகச் சொன்னா. இவளிடம் துவக்கு இருப்பது பற்றிக் கவலை ஏதும் உண்டா. கோபக்காரியா.

நான் தலையை ஆட்டினேன். இல்லை இல்லை இல்லை.

"ஓ யெஸ்," என்றா அம்மா. "வெரி ஆங்கிரி கேர்ள். மோர்னிங் ஆங்கிரி, நைற் ஆங்கிரி."

முடிந்தது. தெ.ட. முடிந்தது. நாலு வருடம்!

"பட் மௌத் ஒன்லி. ஹான்ட், நெவர். நுளம்பு வந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவாள்."

கடைசி வசனம், அந்தக் கொசுக் கதை, தமிழில். ஒஃபிஸர் அதையும் எழுதினாவோ தெரியாது. அடுத்தது: வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், துவக்கு இந்த வீட்டுக்கு வருவதில் அவர்களுக்குச் சம்மதமா.

அம்மா அப்பாவைப் பார்த்தா. காலை ஓட்டம் முடிந்து, பின்னேர ஓட்டத்துக்கு முன் சோபாவில் இருந்தவர். ரிவியின் சத்தத்தை நிறுத்தினார். எழும்பி வந்தார். அப்பா எழும்பி வந்து நான் பார்த்த போன் அழைப்பு இது ஒன்றுதான். கையை நீட்டினார்.

"ஐ ஆம் த ஃபாதர்." பிறகு, ஒஃபிஸர் கேட்காமலே, தன் பெயரை எழுத்துக் கூட்டினார். "பி. ஏ. ஆர். ஏ. எம். ஏ. எல்..." பரமலிங்கம், ஓர் எழுத்தும் விடாமல், அந்தப் பெண் பிழையாகத் திருப்பிச் சொன்ன ஓரிடத்தில் மறித்துத் திருத்தி. "யெஸ். ஐ லிவ் ஹியர். ஐ நோ அபவுட் த கன். நோ ப்ரொப்ளம்."

 

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரிவிச் சத்தத்தை உயர்த்தினார். என்னைப் பார்க்கவில்லை.  கோபக் கடிதம் இரண்டு பக்கம் அப்படியே மேசையில், அப்பாவின் மேசையில்.

கிழித்துப் போட்டேன்.

லைசன்ஸ் கைக்கு வர முன்னமே அம்மா தொடங்கிவிட்டா: ஜூலையில் புளிச்சாதம் கட்டித் தருவாவாம், வழியில் கண்டதையும் தின்னக் கூடாதாம், மிஞ்சினால் அந்த அணில்களுக்குப் போடட்டாம்.

அணில் இல்லை! எத்தனை தரம் சொல்வது!