நாகம்மாவின் ஊரைத் தேடிய வாரம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல வெயில். மலைக்கோயிலில் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்தாயிற்று. அடிவாரம் முழுக்க எச்சில் இலை.

செய்ய வேண்டியது: நினைவு மலருக்குக் கட்டுரை. பீரோ சாவி. நாகம்மா விஷயம்.

எங்கள் ஆதரவற்ற பெண்கள் இல்லத்தை மூடுகிறார்கள். மூடும் முன் அதைத் தொடங்கிய பெரியம்மாவுக்கு (ஊரே அப்படித்தான் கூப்பிடும்) நினைவு மலராம். வெட்கமே இல்லை. செயலாளர் போனில்: "ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மேடம். சமூக சேவையோட முன்னோடின்னு நல்லா வரணும்."

"அவங்க ஆரம்பிச்சத நாம மூடறதையும் எழுதட்டுங்களா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குங்க."

மற்றப் பெண்கள் எல்லோருக்கும் யாரோ ஓர் உறவு அகப்பட்டாயிற்று. நாகம்மா மட்டும் பாக்கி. போன வருஷக் கிருத்திகைக்கு மறுநாள் மொட்டைத் தலையோடு மலைப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவர். ஊர் கேட்டால் வாய் திறக்க மாட்டார். "எங்க நைனா வருவான்" என்ற ஒரே பேச்சு. மகனைத்தான் நைனா என்பார். வெள்ளிக்கிழமைக்குள் ஊர் தெரியாவிட்டால் தெற்கே எங்கேயோ ஓர் அரசு இல்லத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே மகன் எங்கே வரப்போகிறான்?

ஆகஸ்ட் 20, புதன்

புழுக்கம். கரண்ட் இல்லை. பெரியம்மாவின் நோட்டுகளை இறக்கிப் படித்தேன். என்ன மனுஷி! திருவிழா முடிந்த மறுநாள் ஒரு பானை மோரோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவாராம். எல்லோரும் இறங்கிய பிறகும் இறங்காமல் இருப்பவளுக்கு ஒரு டம்ளர் மோர். கேள்வி கிடையாது. கூட வந்தால் சோறு, பாய்.

ஒரு விதி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வந்தவள் தானாகக் கேட்காமல் அவள் ஊரைத் தேடிப் போகக் கூடாதாம். பழைய காலத்துப் பிடிவாதம். குடும்பத்தோடு சேர்த்துவைக்கத்தானே நாங்கள் சமூகப்பணி படித்தோம்? கட்டுரையில் அதை விட்டுவிட்டேன்.

மத்தியானம் நாகம்மா கிழிந்த துண்டின் நூலை எச்சில் தொட்டு, இரண்டு விரலால் திரித்து, அறுந்த இடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தார். தறிக்காரி கை! பக்கத்து நெசவு ஊர் பொதட்டூர்பேட்டையாக இருக்குமோ? அவரிடம் மூச்சு விடவில்லை. மகனையே கூட்டிவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்!

ஆகஸ்ட் 21, வியாழன்

காலை பஸ்ஸில் பொ.பேட்டை. தெருவெல்லாம் தறிச் சத்தம். போட்டோவில் மொட்டைத் தலை, டீக்கடையில் யாருக்கும் பிடிபடவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு பெண் வாங்கிப் பார்த்து அலறினாள்: "ஐயோ, நம்ம நாகம்மாக்கா! செத்துப்போச்சுன்னு கருமாதி சோறு துன்னமே!"

தெருவே கூடிவிட்டது. அவர்களே வீட்டுக்கு இழுத்துப்போனார்கள். சுவரில் நாகம்மா, கொண்டையோடு. படத்துக்கு மாலை. மகன் தறியைவிட்டு எழவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"இது எங்கம்மா இல்லீங்க."

பக்கத்தில் அவன் மகள். கல்யாணம் நிச்சயமானவளாம், மாப்பிள்ளை வீடும் அதே தெரு. கூட்டத்தில் ஒரு குரல்: "பெத்தவளுக்கு உயிரோட கருமாதி பண்ணவன் வூட்லயா பொண்ணு எடுக்கறது?" அந்தப் பெண் என்னைத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் நாகம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஊருக்குள்ள போட்டோவக் காட்னியா?"

"ஆமாங்க."

"உன்ன நான் கேட்டனா?"

போட்டோவைப் பைக்குள் வைத்தேன்.

"வூட்ல ஒரே ரூமு. தறி போட்டா எனக்குப் படுக்க எடமில்ல. நான்தான் மலைக்கு இட்டுனு போடான்னேன். அழுதுகினே கீறான். நான்தான் அவன பஸ் ஏத்தி வுட்டேன். செத்துட்டன்னு சொல்லிடுன்னதும் நான்தான்."

"வருவான்னு சொன்னீங்களே?"

"வுட்டுட்டுப் போய்ட்டான்னு சொன்னா அவன் கிட்ட போலீசு போவும் இல்ல? அதுக்கு. கேஸு கீஸுன்னு போய்டாத, உனக்குப் புண்ணியமாப் போவும்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாவி நான். ஒரு வீட்டுப் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் பெருமையோடு போய். பெரியம்மாவிடமிருந்தும் யாரோ ஒருத்தி இப்படி முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த விதி எப்படி வந்திருக்கும்? அந்த விதி இல்லாமலே கட்டுரை போய்விட்டது. அச்சேறியும் விட்டதாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தூறல். வண்டி பத்து மணிக்கே வந்துவிட்டது. நாகம்மா காப்பியைத் தொடவில்லை. இரண்டு புடவை, ஒரு துண்டு, மாத்திரை. அதிகாரி சின்னப் பெண், நல்ல மாதிரி. படிவத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு என்ன பாட்டி?"

"தெரில."

"ஊரு?"

"தெரில."

"புள்ளைங்க?"

"யாரும் இல்ல."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். "ரிஜிஸ்டர்ல நாகம்மான்னு இருக்குதே மேடம்? ஊர் மட்டும் தெரிஞ்சா சொல்லுங்க, இங்கியே பக்கத்துல எங்கனா சேர்க்கப் பாக்கறேன். இல்லன்னா தெற்கதான்."

நேற்றிலிருந்து முதல் தடவையாக நாகம்மா என்னைப் பார்த்தார்.

"அது நாங்க கூப்பிட வெச்ச பேருங்க" என்றேன்.