நெடுந்தீவு மதிலில் உன் பெயர்

என் பனிநாட்டு அக்காவுக்கு,

பெயர் சொல்லாமல் கூப்பிடுகிறேன் என்று கோபிக்காதே. காரணம் உனக்குத் தெரியும். எனக்குத்தான் பிந்தித் தெரிந்தது.

நீ போய்விட்டாய் என்று உன் மகள் தொலைபேசியில் அழுதபோது நான் குசினியில் பனங்கிழங்கு ஒடியல் மா பிசைந்துகொண்டிருந்தேன். லெனின்கிராட் விடுதியில் ஒரே அறையில் படுத்தெழும்பிய காலத்துக்குப் பிறகு நாம் நேரில் கண்டதேயில்லை. ஆனால் நீ எழுதிய புத்தகமெல்லாம் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தன. துருவமான்களின் பின்னால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு நடக்கும் உன் நெனெட்ஸ் இனப் பெண்களை ஒவ்வொருத்தியாகத் தமிழில் எழுதினேன். மான் கூட்டத்துக்குப் 'பட்டி' என்றுதான் எழுத வந்தது. எனக்குத் தெரிந்தது எங்கள் மாட்டுப்பட்டிதானே? எழுதியதை வாசித்துக் காட்டத்தான் ஆளில்லை.

எங்கள் ஊரில் ஆள் இருக்கும்வரை பெயர் வீட்டுக்குள்ளே கிடக்கும், செத்தால் மதிலேறும். படத்தோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டாவிட்டால், செத்தவருக்கு ஒருவரும் இல்லை என்று அர்த்தம். உனக்கு இங்கே நான் இருக்கிறேனே. யாழ்ப்பாணத்தில் அச்சடிப்பித்து, இறங்குதுறை மதிலில் நானே பசை தடவி ஒட்டினேன்.

பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னேன். பள்ளியில் சேர்த்த அன்றே உன் பெயரைப் பறித்துவிட்டு ருஷ்யப் பெயர் ஒன்றை வைத்தார்கள் அல்லவா? முதல் புத்தகத்தின் அட்டையில் உன் சொந்தப் பெயர் வர நீ எத்தனை பேரோடு மல்லுக்கட்டினாய். அந்தப் பெயரை எங்கள் சனமும் ஒருமுறை வாசிக்கட்டும் என்று நினைத்தேன்.

மதிலைப் படமெடுத்து, பெரிய எழுத்தில் இருப்பது உன் பெயர் என்று எழுதி உன் மகளுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தாள்.

"சின்னம்மா, அதைக் கழற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்லமாட்டோம். சொன்னால் அம்மா திரும்பிப் பார்ப்பா, போகமாட்டா. பிறக்கப்போகும் ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கும்வரை பொறுங்கள்."

ஓடிப்போனேன். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றதை, வள்ளத்தில் இருந்த மரியதாஸ் கண்டுவிட்டான்.

"ஏன் ரீச்சர் கிழிக்கிறியள்? பேர் பிழையா விழுந்திட்டுதோ?"

"இல்லைத் தம்பி. சரியாத்தான் விழுந்தது."

"ஆர் இவா? உங்கட சொந்தமோ?"

"ஓம். அக்கா."

அவன் வள்ளத்திலிருந்து இறங்கினான். வாளியில் கடல்தண்ணீர் அள்ளிவந்து மதிலை நனைத்தான். "இப்ப உரிச்சுப் பாருங்கோ, வரும்," என்றான். வந்தது.

உண்மையைச் சொல்லட்டா? கடைசி எழுத்து கையோடு வந்தபோது உன்னை ஒருமுறை சத்தமாகக் கூப்பிட ஆசையாக இருந்தது. கூப்பிட்டால் நீ திரும்பிப் பார்ப்பாய் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வாய்வரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எனக்கு மிகவும் தனிமையாக இருக்கிறது, அக்கா.

அங்கே உன் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லமாட்டார்கள். இங்கே என் பெயரைச் சொல்லத் தடையில்லை, சொல்லத்தான் ஆளில்லை. ஊருக்கு நான் ரீச்சர். கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அம்மா. அவர் போன பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். மாதத்தில் ஒருநாளாவது அழைப்பாய். இப்போது மணி அடித்தால் யாரென்று நினைத்து எடுப்பது?

உன் கதைகள் தமிழில் அச்சுக்குத் தயார். "ருஷ்யப் பேரைப் போட்டு முடிப்பமே, ரீச்சர்," என்கிறார் அச்சகக்காரர். விடமாட்டேன். அட்டையில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கட்டும். உன் வீட்டில் ஒரு குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்து வாய் நிறையக் கூப்பிடும் நாளில் மகள் எனக்குச் சொல்வாள். அன்றைக்கே பெரிய எழுத்தில் உன் பெயரைப் போடுவேன். இது சத்தியம். அதுவரை நான் உயிரோடு கிடக்கவேண்டுமே என்பதுதான் பயம்.

நீ திரும்பிப் பார்க்காமல் போ. உன் பெயர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் பெயரைக் கூப்பிட இனி ஆளில்லாதபடியால் நானே எழுதிப் பார்க்கிறேன்.

உன் அறைத் தங்கச்சி,
தவமணி