உங்கள் முறைப்பும் என் குளிசைகளும்

பஸ்லியாவின் வாப்பாவுக்கு, இந்த வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு என் சலாம்.

உங்களை அடக்கிய கபுறடிக்கு ஆண்கள் போய் வருகிறார்கள். நம்மூர் வழக்கத்தில் நான் போக முடியாது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் பரவாயில்லை. நமக்குள் மறைக்க என்ன இருந்தது? உங்கள் முறைப்புக்கூட கற்பிட்டி முழுக்கத் தெரிந்ததுதானே.

நீங்கள் மவுத்தான பிறகு, பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக மகள் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டாள். பேத்தி பிறந்திருக்கிறாள். நிறம் என்னுடையது, நெற்றி உங்களுடையது. பால் கொஞ்சம் பிந்தினால் போதும், வெங்காயத் தோட்டத்தில் மழை முகிலைப் பார்த்து நிற்பீர்களே, அதே முகம்.

அங்கே வீட்டுக்குப் பின்னால் புல்லும் பற்றையுமாக இருந்தது. என்னால் சும்மா இருக்க முடியுமா? கீரைச் சுண்டலுக்கு ஆகிற இலை ஏதும் உண்டா என்று உள்ளே இறங்கிப் பறித்துக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு உண்ணி. ஆடு வளர்த்த கை, உண்ணியைக் கண்டு பயப்படுமா? நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டேன். பிறகு அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் வந்தது. படை என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் பூசினேன்.

ஊருக்கு வந்ததும் காய்ச்சல், மூட்டெல்லாம் நோவு. அப்போதுதான் அந்த வளையத்தைப் பற்றி மகளிடம் போனில் சொன்னேன். அவள் கனடாவில் ஒரு டொக்டரிடம் கேட்டுவிட்டுப் பதறிப்போய் என்னைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அந்த உண்ணி கடித்தால் வருகிற நோய்க்கு லைம் என்று பெயராம். "புத்தகத்தில படிச்சதுதான் உம்மா, இப்பதான் கண்ணால பாக்குறன்" என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தாள், புத்தளத்தில் இருந்த சின்ன வயது டொக்டர்.

குளிசை தொடங்கிச் சில நாளில்தான் அது நடந்தது. லுஹர் தொழுகைக்கு ஒளு எடுத்துக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை எடுத்தால் இடது பக்கத்தால் வழிந்து ஓடியது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் ஓடியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணி, இடது கண் மூட மாட்டேன் என்று நின்றது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி அந்தப் பக்கத்துக் காதில் அறைந்தது போல இருந்தது.

கோணிய வாய் எனக்குப் புதிதா? பாரிசவாதம் வந்து நீங்கள் படுத்திருந்தபோது அதே மாதிரி ஒரு வாயில்தானே மாதக்கணக்காகக் கஞ்சி ஊட்டினேன்? உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். பயந்துபோனேன். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு ஆறுதலும் இருந்தது. சரி, இனி இவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று நினைத்தேன். தனிமை என்னை இந்த அளவுக்குத் தின்றிருக்கிறது என்று அதுவரை எனக்கே தெரியாது.

உங்கள் தங்கச்சி நூர்ஜஹான் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "இந்தக் குளிசைதான் மதினி மொகத்தக் கோணவெச்சது. நிப்பாட்டுங்க" என்றாள். அவள் பயந்து சொன்னாள். நான் வேறு நினைப்பில் தலையாட்டினேன். குளிசைப் போத்தல் அலுமாரிக்குள் போனது.

மகள் வீடியோவில் அழைக்கும்போது வலது கன்னத்தை மட்டும் காட்டினேன். அவள் யாருடைய மகள்? "உம்மா, மத்தப் பக்கத்தக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். அவள் போட்ட சத்தத்தில் பேத்தி அழத் தொடங்கிவிட்டாள். நூர்ஜஹான் என்னைத் த்ரீவீலில் ஏற்றிப் புத்தளம் கொண்டுபோனாள்.

அதே டொக்டர்தான். கையைத் தூக்கச் சொன்னாள், தூக்கினேன். நடக்கச் சொன்னாள், நடந்தேன். பிறகு, "உம்மா, யாரையாவது முறைக்கிற மாதிரி நெத்தியச் சுருக்குங்க பாப்பம்" என்றாள்.

சுருக்கினேன். வலது பக்கம் சுருங்கியது. இடது பக்கம் அப்படியே வழுவழுவென்று கிடந்தது.

"மூளையில அடைப்பு எண்டா வாய் கோணும், ஆனா நெத்தி பெரும்பாலும் அசையும். ஸ்கேன் ஒண்டும் எடுத்துப் பாப்பம். ஆனா எனக்குத் தெரிஞ்சு இது மொகத்து நரம்பு. குளிசையால வந்ததில்ல. அந்த நோய் முந்தியே நரம்பத் தொட்டிட்டு. குளிசைய விட்டாத்தான் நாம பயப்படணும்" என்றாள்.

எனக்கு உடனே உங்கள் நெற்றிதான் கண்ணுக்குள் வந்தது. வாய் விழுந்தது, பேச்சு விழுந்தது, ஒரு கை விழுந்தது. முறைப்பு மட்டும் விழவில்லையே! உப்புக் கூடாதென்று சொல்லியிருந்ததால் வெறும் கஞ்சி. உப்பு விளைகிற மாவட்டத்தில் இப்படி ஒரு கஞ்சியா என்று ஒவ்வொரு கரண்டிக்கும் இரண்டு புருவத்தையும் நெரித்து என்னைப் பார்ப்பீர்கள். கடைசி நாள் வரை பார்த்தீர்கள். அது நம் சண்டை என்று நினைத்திருந்தேன். உங்களிடம் மிஞ்சியிருந்த பேச்சே அதுதான் என்று ஆஸ்பத்திரிக் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கியது.

ஸ்கேனிலும் அடைப்பு எதுவும் இல்லை. என்னுடையது உங்கள் நோய் இல்லை. இதற்காக அழுதேன் என்றால் நம்புவீர்களா? நூர்ஜஹான் சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். சந்தோசமும் இருந்தது. உங்கள் பக்கத்தில் திறந்திருந்த ஒரு கதவு மூடிப்போன துக்கமும் இருந்தது. இரண்டையும் யாரிடம் சொல்வது?

இப்போது குளிசை ஒழுங்காகப் போகிறது. இடது கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கும்போது இமைக்கு மேல் ஒட்டு. ஒளுச் செய்யும்போது வாயின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொள்கிறேன். தண்ணீர் வழிவது குறைந்திருக்கிறது. வீடியோவில் பார்த்துப் பார்த்துப் பேத்திக்கு என் கோணல் சிரிப்பு பழகிவிட்டது. நெற்றி மட்டும் இன்னும் ஒரு பக்கம்தான் சுருங்குகிறது. இன்ஷா அல்லாஹ், அதுவும் சரிவரும் என்கிறாள் டொக்டர்.

ஒரு வாக்குத் தருகிறேன். குளிசையை முடிப்பேன், ஒன்றையும் அலுமாரியில் ஒளிக்க மாட்டேன். இனி அவசரப்பட்டு வரவும் மாட்டேன். அல்லாஹ் கூப்பிடுகிற நாளில் வரும்போது, ஏன் இவ்வளவு பிந்தினாய் என்று உங்கள் வழக்கப்படி என்னை முறையுங்கள். நானும் முறைப்பேன், இரண்டு பக்கமும்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்லியாவின் உம்மா