தாத்தா கேட்டாரா என்று கேட்டவனுக்கு

பிள்ளைப்பாக்கம்
8.9.1991

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க ஆதிகேசவப் பெருமாள்தான் துணை. உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நாலே வரி. தாத்தா போன தந்தியைக் காட்டியும் கம்பெனியில் லீவு தரவில்லை, காண்ட்ராக்டை முறித்துக்கொண்டு வந்துவிடப் போகிறேன், தாத்தா கடைசியில் என்னைக் கேட்டாரா, அதை மட்டும் மறைக்காமல் எழுது என்று. உன் அறையில் இருக்கும் மணிமங்கலத்துப் பையன், நீ சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாய் என்று அவன் வீட்டுக்கு எழுதியிருக்கிறான். அவன் அம்மா பஸ் ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனாள். உன் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்த எடுப்பில் அதை எழுதக் கை வரவில்லை, கொஞ்சம் பொறு.

உன் அப்பா போனபோது உனக்கு இரண்டு வயசு. கருமாதி முடிந்ததும் என் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். உன் தாத்தா என்னைத் தடுக்கவில்லை. போவணும்னா போம்மா, இருக்கணும்னா இது உன் வூடு, நான் சம்பாரிக்கிற வரைக்கும் ஒரு கொறையும் வராது என்றார். நான் இருந்துவிட்டேன். வாயால் மாமா என்று கூப்பிட்டேனே தவிர எனக்கு அவர்தான் அப்பா. விடியுமுன் சைக்கிளை மிதித்துப் பெரும்புதூர் போய், பஸ் பிடித்துப் பூந்தமல்லி போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் பாடிக்குப் போவார். பிரஸ் மிஷின் வலது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது, அந்தச் சத்தம் ஒரு காதையும் தின்றுவிட்டது. அதனால்தான் நம் வீட்டு ரகசியம் ஒன்றுகூட வீட்டுக்குள் தங்கியதில்லை, அவர் குசுகுசுவென்று பேசுவது கோவில் வரைக்கும் கேட்கும். நீ எண்ணக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு கையிலும்தானே. எட்டு வந்ததும் நின்றுவிடுவாய். ஒன்பது பத்து எங்கேடா என்று வாத்தியார் காதைத் திருகினதற்கு, அது பாடி கம்பெனியில இருக்குது சார் என்றாயாம். அதை உன் தாத்தா சாகிற வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தையெல்லாம் கம்பெனிக்குள் விடுவார்களே, அன்றைக்கு உன்னைத் தோளில் தூக்கிப் போனது ஞாபகம் இருக்கிறதா? மாலை போட்டுப் பொட்டு வைத்திருந்த மிஷினைக் காட்டி, இதாண்டா தாத்தா வெரலத் துன்னுச்சு என்றதும் நீ இறங்கிப் போய் அதை ஓங்கி ஒரு உதை விட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் உன் காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதாடா, வலிக்குதாடா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விரல் போனதற்கு அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்குக் கலங்கிவிட்டார்.

ரிடையர் ஆன பிறகும் மனுஷன் சும்மா இருந்தாரா? நாலு மணிக்கே எழுந்து டீக்கடையில் போய் உட்கார்ந்து, வேலைக்குப் போகிறவனையெல்லாம் லேட்டாச்சு லேட்டாச்சு என்று விரட்டுவார். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் நிலம் பார்க்கக் கார் வந்து போகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து, பாரு கிளிம்மா, சைக்கிள்ல போய் வர தூரத்துல கம்பெனி வரும், நம்ம டில்லி மத்தியானம் வூட்டுக்கு வந்து சாப்ட்டுப் போவான் என்று அதே பேச்சுத்தான். தை மாசம் உங்கள் அரபு நாட்டுப் பக்கம் சண்டை நடந்தபோது டிரான்சிஸ்டரைக் கேட்கிற காதோடு ஒட்டவைத்துக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். நீ இருக்கிற தமாம் பேரைச் செய்தியில் சொன்னால் எழுந்து நின்றுவிடுவார். நீ நன்றாக இருப்பதாகக் கடிதம் வந்ததும் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, என்னிடம் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தச் சண்டையில்தான் அவர் உடம்பு பாதியாகிவிட்டது என்று நினைக்கிறேன். வைகாசியில் பெரும்புதூரில் குண்டு வெடித்து ஊரே கலங்கிக் கிடந்ததே, அப்போது நீ பதறிப்போய் எழுதியிருந்தாய். புள்ள அங்க குண்டுக்கு நடுவுல குந்திகினு இங்க நம்மளக் கேக்கறான் பாரு என்று சிரித்தார். ஆனியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கினோம், நெஞ்சு ரொம்பப் பலவீனம் என்றார்கள். உனக்கு எழுதட்டுமா என்றேன். எழுதாத, பதறிப்பூடுவான் என்று ஒரே பிடிவாதம்.

இப்போது நெய்ப்பந்தம் விஷயம். உன்னை அரிப்பது அதுதான், எனக்குத் தெரியும். தாத்தாவைத் தூக்குவதற்கு முன்னால் பேரப்பிள்ளை பந்தம் பிடித்துச் சுற்றி வந்தால்தான் அந்தக் கட்டை நிறைந்து போகும் என்பது நம் வழக்கம். சோற்றில் நீ நெய் கேட்கும்போதெல்லாம், எல்லாத்தையும் துன்னுத் தீத்துடாதடா, என் பந்தத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வை என்று கேலி பண்ணுவாரே. அவரை எடுத்த அன்றைக்கு வீட்டு வாசலில் கம்பெனி ஆட்கள் வேனில் வந்து இறங்கி நிற்கிறார்கள், அவரோடு ஒரே பிரஸ்ஸில் வேலை செய்த பரசுராமன் தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறார், தாத்தாவின் பங்காளி கோதண்டராமன் பெரியவர் கொள்ளி வைக்கத் தயாராக இருக்கிறார். பந்தத்துக்கு மட்டும் ஆள் இல்லை. யாராவது ஒரு பையன் கையில் கொடுத்துவிடலாம் என்றார்கள். எனக்கு என்ன வந்ததோ, உள்ளே போய் உன் ஐ.டி.ஐ. காக்கிச் சட்டையை எடுத்து வந்து கிழித்தேன். உன் தாத்தா துணி எடுத்துத் தைத்துக் கொடுத்த சட்டை, கிழியவே மாட்டேன் என்றது, பல்லால் கடித்துக் கிழித்தேன். அதையே குச்சியில் சுற்றி நெய்யில் நனைத்து நானே பிடித்தேன். மருமவ பந்தம் புடிக்கிற வழக்கம் எங்கனா கீதா என்று பெரியவர் முறைத்தார்.

“புடிக்க வேண்டிய கை என் வயித்துல வளந்த கைதான், பெரிய மாமா” என்றேன்.

அவர் ஒதுங்கி வழி விட்டார். அந்தத் துணி எரிந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஆக, பந்தம் நடந்தது டில்லி. உன் சட்டைதான் எரிந்தது. பந்தம் இல்லாமல் போனார் என்று இனி எவனும் உன்னிடம் சொல்ல முடியாது, நீயும் சொல்லிக்கொள்ளாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கேட்டார். கேட்கவில்லை என்று எழுதிவிடு, பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு ராஜம்மா சொன்னாள். உன் தாத்தா விஷயத்தில் எனக்குப் பொய் வராது. மூன்று நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவர், போன அன்றைக்கு மத்தியானம் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். டில்லி எங்க என்றார். தமாம் என்றால் மறுபடி சண்டை ஞாபகம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். வேலைக்குப் போயிருக்கிறான் மாமா என்றேன். “இன்னா ஷிப்டு?” என்று கேட்டார். நான் காதோரம் குனிந்து, செகண்ட் ஷிப்ட் என்று கத்தினேன். அவர் முகம் தெளிந்த தெளிவை நான் எப்படி எழுதுவேன். எத்தனையோ நாள் கழித்து அந்த முகத்தைப் பார்த்தேன்.

“அப்ப வர லேட்டாவும். கதவத் தாப்பா போடாத கிளிம்மா, புள்ள தட்டிகினு நிக்கப் போறான்.”

நான் எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடினார். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை.

நடந்தது இதுதானப்பா, ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. பேரன் வரவில்லையே என்று ஏங்கிப் போகவில்லை அவர். வேலைக்குப் போன பிள்ளை வேலை முடிந்து வந்துவிடுவான் என்றுதான் போனார். அப்படி நினைத்துப் போனவருக்கு நீ பாதியில் ஓடி வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்? விரல் போன அன்றைக்குத் தவிர அந்த மனுஷன் பாதி ஷிப்டில் வீடு வந்தவர் இல்லை. உன் காண்ட்ராக்ட் அடுத்த ஆனியில் முடிகிறது. முடித்துவிட்டு வா. எனக்குத் துணையில்லையே என்று நினைக்காதே. துணை இல்லைதான், பொழுது போனால் வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஒருவருக்காக உலை வைக்கக் கை கூசுகிறது. அதற்காக நான் சாப்பிடாமல் இருக்கிறேனா? நீயும் சாப்பிடு. வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். பதில் எழுதும்போது அன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்பதை முதல் வரியில் எழுது, பொய் எழுதினால் மணிமங்கலத்துப் பையன் எனக்குச் சொல்லிவிடுவான். உன் தாத்தாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு என்றைக்கும் உண்டு.

தனியாக இருக்கிற பொம்பளை கதவைத் தாழ்ப்பாள் போடாமல் படுக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று ராஜம்மா தினமும் திட்டுகிறாள். திட்டட்டும். நீ வரும்போது தட்ட வேண்டாம் டில்லி, தள்ளினால் திறக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
து. கிளியம்மாள்