வீட்டில் வசிக்கும் பெரியவர்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

ராத்திரியெல்லாம் பனி. டிரைவ்வேயில் உப்புப் போடுங்கள் என்று இவரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. கடைசியில் நானே போட்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மா வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது.

நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் இன்று இரண்டு பேரும் வந்தார்கள். ஆதித்துக்கு இருமல். மகிழ் காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் தயிர்சாதம், அதற்கு மேலும் "இன்னும் தயிர், ஆன்ட்டி." இரண்டரை வயசுக்கு நல்ல வயிறு. தூங்கும்போது வழக்கம்போல என் வளையலைப் பிடித்துக்கொண்டுதான்.

சாயங்காலம் மகளைக் கூட்டிப்போக வந்த சுகன்யா கிளம்பவில்லை. ஷூகூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "ஆன்ட்டி, இனிமே மகிழை அனுப்ப முடியாது போல இருக்கு." புருஷன் பிரிந்துபோய் நாலு மாதம். ஃபார்மசி சம்பளம் வாடகைக்கே இழுபறி. பணம் யார் கேட்டா, கொண்டாந்து உடு கண்ணு என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம் ஆன்ட்டி. இப்ப எல்லாருமே எனக்குச் சும்மாதான் குடுக்கறாங்க. வாங்கி வாங்கி எனக்கே என்னைப் பிடிக்கல."

அப்புறம் பையிலிருந்து ஒரு கடிதம் எடுத்தாள். கவுண்டி ஆபீஸிலிருந்து, நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. சம்பளம் குறைந்தவர்களுக்குக் குழந்தை பார்க்கும் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே தருமாம். வவுச்சர். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மார்ச் 13-க்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் காலாவதி. மறுபடி வரிசையில் கடைசி ஆள்.

"ஆனா நீங்க ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணுமாம் ஆன்ட்டி."

ஒன்பது வருஷமாகக் குழந்தை பார்க்கிறேன். காகிதம் என்று ஒன்றுமில்லை. வாயால் பேசி வாயால் முடிகிற சமாச்சாரம். மான்மவுத் ஜங்ஷனில் என்னைப் போல எத்தனையோ ஆன்ட்டிகள். பண்ணிடலாம், நீ கவலைப்படாதே என்றேன். பெரிய தைரியம்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

கவுண்டி ஆபீஸில் டெனிஸ் என்று ஒரு பெண். பொறுமைசாலி. ஒன்றையே இரண்டு தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளவில்லை. எனக்குப் புரிந்த வரை:

1. விண்ணப்பம். பன்னிரண்டு பக்கம்!
2. முதலுதவி வகுப்பு, சனிக்கிழமைகளில். பொம்மையின் நெஞ்சை அழுத்த வேண்டும்.
3. டாக்டர் சர்ட்டிபிகேட்.
4. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருக்கும் கைரேகை. (இவர் என்ன குதி குதிக்கப்போகிறாரோ.)
5. வீட்டைப் பார்க்க ஆள் வரும். புகை அலாரம், தீயணைக்கும் சிலிண்டர், மருந்துக்குப் பூட்டு.
6. எல்லாம் சரி என்றால் நானும் சுகன்யாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்கப்புறம் மகிழ் வரும்போதும் போகும்போதும் சுகன்யா போனில் பதிய வேண்டும். அதை வைத்து ஆபீஸே நேராக எனக்கு அனுப்பும். ஒரு சின்னப் பங்கு மட்டும் அவள்.

சுலபம்தான். சுகன்யாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாள்.

பால் வாங்க மறந்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விண்ணப்பம் நிரப்பினேன். இவர் டிவி முன்னால். நான் சாப்பாட்டு மேசையில், கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு.

ஏழாம் பக்கம். இந்த வீட்டில் வசிக்கும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள். மூன்று கோடு போட்டிருந்தார்கள். முதல் கோட்டில் நான். இரண்டாவதில் இவர். மூன்றாவது காலியாக இருந்தது, பார்க்கவே என்னவோ போல. கார்த்திக் என்று எழுதினேன். மகன். வயது 24.

பொய்யா? அவன் அறை இருக்கிறது. போர்வை இருக்கிறது. பல்லுக்குப் போட்ட கம்பிகூட டப்பாவில் இருக்கிறது. ஊரில் ரேஷன் கார்டிலிருந்து பிள்ளை பேரை யாராவது எடுப்பார்களா, வேலைக்குப் போய்விட்டான் என்பதற்காக. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மூன்று பேர் என்றுதான் இன்றைக்கும் வாயில் வருகிறது.

இரண்டு வருஷம் ஆகிறது. கடைசி வருஷத்தில் காலேஜை விட்டுவிட்டு, சமையல்தான் செய்வேன் என்றான். இவர், "அப்ப இந்த வீட்டுல உனக்கு எடமில்ல" என்றார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இப்போது டெக்ஸஸில், பிளானோவில் ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சனில். பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு மெசேஜ். இவருக்கு அதுவும் இல்லை.

இவரிடம் காட்டவில்லை. தபாலில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

கைரேகை எடுக்கும் இடம். இவர் கார் ஓட்டிய வழியெல்லாம் முணுமுணுப்பு. "பேங்க்ல முப்பது வருசம் வேல செஞ்சவன். என்னயப் போயி திருடனாட்டம் ரேகை எடுக்கோணுமா?" ஆனால் அங்கே போனதும் நல்ல பிள்ளையாகக் கையை நீட்டினார். மகிழ் மேல் அவருக்கும் ஆசைதான். அவள் "அங்கிள், ஹார்ஸ்" என்றால் முட்டிவலியோடு மண்டி போடுகிற மனுஷன்.

எனக்குத்தான் மெஷின் ரேகை எடுக்கவில்லை. நாலு தடவை. பாத்திரம் தேய்த்தே விரல் வழவழ என்று ஆகிவிட்டதாம். லோஷன் தடவி, ஐந்தாவது தடவை விழுந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. உயரமான பெண், கையில் டேப். காலையிலேயே சாமி விளக்கை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டேன். நெருப்பு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டுமாம். இனி குழந்தைகள் இருக்கும் நேரத்தில் பாட்டரி விளக்குதான். சாமி கோபித்துக்கொள்ளாது.

மகிழ் அந்தப் பெண்ணின் டேப்பைப் பிடித்து இழுத்து, தன் உயரத்தை அளக்கச் சொன்னாள். அளந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

மாடியில் மூடிய கதவைப் பார்த்து, இது யார் அறை என்றாள் அந்தப் பெண். மகனுடையது. வீட்டில் இருக்கிறாரா? வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். அது உண்மைதான். எவ்வளவு தூரத்தில் வேலை என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

டெனிஸ் கூப்பிட்டாள். எல்லாம் முடிந்தது. ஒன்று மட்டும் பாக்கி. கார்த்திக்கின் கைரேகை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். டெனிஸே வழியும் எடுத்துக் கொடுத்தாள். அவர் அங்கே வசிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், போதும் என்றாள். ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. வெளியூர் போயிருக்கிறான், அடுத்த வாரம் வருகிறான், வந்ததும் ரேகை வைக்கிறோம்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. கைரேகை வைக்கவாவது வருவான் என்று தோன்றியது. அப்பா கூப்பிட வேண்டாம், நான் கெஞ்ச வேண்டாம். கவர்ன்மென்ட் கூப்பிடுகிறது. வந்தால் இரண்டு நாள் இருப்பான். இருந்தால் ஒரு வேளையாவது இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்காருவார்கள்.

மெசேஜ் போட்டேன். ஒரு சின்னக் குழந்தைக்காக, உன் ரேகை வேண்டும், ஒரு தடவை வந்துட்டுப் போ கண்ணு. டிக்கெட் நான் எடுக்கிறேன்.

மார்ச் 2, திங்கள்

பதில் வந்தது! "வில் ஸீ, அம்மா. கொஞ்சம் பிஸி."

வில் ஸீ என்றால் வர மாட்டேன் என்று இல்லையே. பார்க்கிறேன் என்றுதானே. படுக்கை விரிப்பை மாற்றினேன். பட்டேல் கடையில் சின்னக் கத்தரிக்காய் ஒரு பவுண்டு. அவனுக்குப் பிடித்தது.

ஆதித்துக்கு இருமல் நின்றது. சுகன்யா வந்தபோது கேட்டாள், "ஏதாவது வந்துச்சா ஆன்ட்டி?" வந்துடும் கண்ணு என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

ஒன்றும் இல்லை. கத்தரிக்காய் வதங்கிவிட்டது. கூட்டு வைத்தேன். இவர், "நம்ம ரெண்டு பேருக்கு எதுக்குப் புள்ள இத்தனை?" என்றார்.

மத்தியானம் மகிழ் தூங்கிய பிறகும் வளையலை விடவில்லை. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவளை வைத்துத்தான் சூதாடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் டெனிஸுக்கு போன் பண்ணவில்லை. திங்கள் வரை பார்ப்போம் என்று வைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மழை. காலையில் அவனே கூப்பிட்டான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை குரல். பின்னால் பாத்திரச் சத்தம்.

"அம்மா, என் பேரை எதுக்குப் போட்டீங்க? ஐ டோன்ட் லிவ் தேர். லைசென்ஸ்லயே டெக்ஸஸ் அட்ரஸ் மாத்திட்டேன். அவங்ககிட்ட அதைச் சொல்லுங்க, முடிஞ்சிடும்."

"ஒரு ரெண்டு நாள் வந்துட்டுப் போயேன் கண்ணு."

"அப்பா கூப்பிட்டாரா?"

சின்னக் கத்தரிக்காய் வாங்கி வைத்திருந்தேன் என்றேன். அப்புறம், "சாப்டீங்களா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால்கூட பரவாயில்லை.

மார்ச் 11, புதன்

எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரே வரி. என் மகன் கார்த்திக் இந்த வீட்டில் வசிக்கவில்லை. கீழே கையெழுத்து, தேதி. முதல் தாளில் அவன் பேரையே தப்பாக எழுதிவிட்டேன். இரண்டாவது தாள். நானே ஆபீஸுக்குப் போய் டெனிஸ் கையில் கொடுத்தேன்.

அவள் படித்துவிட்டு என் கையைத் தொட்டாள். பிறகு சொன்னாள், பெயரை நீக்கினால் கோப்பு மறுபடி மேலே போய் வரும், ஐந்து வேலை நாள், அவள் கையில் ஒன்றுமில்லை. 26-ம் தேதியே இதைக் கொடுத்திருந்தால், என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

தேதியை நீட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது. காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் காரில் ஒருத்தி பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 12, வியாழன்

சுகன்யாவிடம் சொன்னேன். நாளைக்குள் வராது என்று மட்டும். மகிழுக்குக் கோட் மாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். ஃபார்மசி பக்கத்தில் ஒரு பெரிய டேகேர் வவுச்சர் எடுக்கிறதாம், ஒரு இடம் இருக்கிறதாம். அந்தப் பெயரைக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். வேறென்ன செய்வாள்.

"உங்களுக்கு எவ்ளோ அலைச்சல் ஆன்ட்டி. ஆபீஸ்காரங்கதான் இழுத்தடிச்சிட்டாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க."

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. போச்சாது உடு கண்ணு என்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

மகிழுக்கு எடுத்து வைத்தவை: மாற்றுத்துணி இரண்டு செட், டயப்பர் மீதி, மஞ்சள் கிண்ணம், காது கடிபட்ட முயல் பொம்மை. டேகேருக்குப் பொம்மை கொண்டுபோகக் கூடாதாம். வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

இவர் காலையிலிருந்து முட்டிபோட்டுக் குதிரை. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை இல்லை.

தூங்க வைக்கும்போது ஒரு வளையலைக் கழற்றி அவள் பையில் போடலாமா என்று யோசித்தேன். தங்கம், சுகன்யா திருப்பிக் கொடுத்துவிடுவாள். கண்ணாடி, உடையும். போடவில்லை. சாயங்காலம் போகும்போது மகிழ் "பை ஆன்ட்டி, ஸீ யூ மண்டே" என்றாள், எல்லா வெள்ளிக்கிழமையும் சொல்வது போலவே.

மார்ச் 16, திங்கள்

கைப்பழக்கத்தில் இட்லி இரண்டு கூட. ஆதித் மட்டும். அவனும், "வேர் மகிழ்?" இன்னொரு ஸ்கூல் என்றேன். மத்தியானம் வேலையே இல்லை. வெள்ளையாகிப்போன டப்பர்வேர் மூடிகளை அடுக்கினேன். அவளை அங்கே யார் தூங்க வைத்திருப்பார்கள், எதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பாள்.

மார்ச் 20, வெள்ளி

வெயில். கவுண்டியிலிருந்து தடித்த உறை. பதிவாகிவிட்டது. ஐந்து குழந்தைகள் வரை பார்க்கலாம், வவுச்சர் வாங்கலாம். தங்க நிற முத்திரை எல்லாம் போட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஹாலில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டுமாம்.

இவர் உற்சாகமாகச் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார். ஆணி அடித்தார். சான்றிதழோடு பின் பண்ணியிருந்த தாள்களை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தவர் கடைசித் தாளில் நின்றுவிட்டார். நான் டெனிஸிடம் கொடுத்த அந்த ஒரு வரியின் நகல். என் கையெழுத்து.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். உட்கார்ந்தார்.

"ஏனுங்க," என்றேன்.

"நான் கோவத்துல வாயிலதான் புள்ள சொன்னேன்," என்றார். "நீ எழுதியே குடுத்துட்டயே."

சான்றிதழ் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. ஆணி மட்டும் சுவரில்.