பதினேழாவது பிளாச்சு

ஆடி 6
காலையிலிருந்தே புழுதிக்காற்று. தறிக்கு லீவு. வைகாசியில் என் மனைவி சரோஜா டைபாய்டில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்: அவள் பிழைத்தால் ஆடிக் கிருத்திகைக்கு என் கையால் முடைந்த கூடையில் பூ சுமந்து மலையேறுகிறேன். பிழைத்துவிட்டாள். கூடை முடையத்தான் எனக்குத் தெரியாது. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால் இப்படித்தான். புடவை நெய்து சாத்துகிறேன் என்றிருந்தால் நாலு நாள் வேலை.

பாவா (அக்கா வீட்டுக்காரர்): "கடையில ஒண்ணு வாங்கினு போப்பா. முருகன் வந்து கேக்கப் போறாரா?"
கேட்க மாட்டார். ஆனால் அது என் கை முடைந்ததில்லை என்று எனக்குத் தெரியுமே.

ஆடி 7
கே.ஜி.கண்டிகை. பஸ் நிற்கும் இடத்தில் கூடை முடைகிற மங்கம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவள். கற்றுத்தருகிறாளாம்.
வாங்கியது: பச்சை மூங்கில் 2, கத்தி 1.
விரலில் வெட்டு: 3.

ஆடி 10
வீட்டில் தனியாக முயற்சி. தறிக்காரன் எதையும் ஜோடியாகத்தான் எண்ணுவான். அடியிலிருந்து சுற்றிலும் நிற்கும்படி பதினாறு பிளாச்சு (மூங்கில் பட்டை) வைத்தேன். அவற்றுக்கு ஊடே ஒரே சிம்பை (மெல்லிய மூங்கில் இழை) ஓட்டி, சுற்றிச் சுற்றி முடைந்தால் எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி. மேலே போனது மேலேயே, கீழே போனது கீழேயே. தூக்கினேன். மொத்தமும் கழன்று மடியில். சரோஜா புரையேறச் சிரித்தாள். கோபம்தான். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்தது இன்றுதான்.
மதியம் மோரும் களியும்.

ஆடி 11
மறுபடி கண்டிகை.
"எத்தினி பிளாச்சுண்ணா வெச்சீங்க?"
"பதினாறு."
"அதான். தறியில கால்மிதிய மாத்துனா மேல் இழை கீழ மாறும். இங்க ஏது மிதி? ஒண்ணு கூட வெய்ங்க. அடுத்த சுத்துல தன்னால மாறிக்கும்."
பதினேழு வைத்தேன். மாறியது! முப்பது வருஷம் நெய்தவனுக்கு இது தோன்றவில்லை. வெட்கம். அதைவிட சந்தோஷம்.

ஆடி 14
விளிம்பு கட்டியாச்சு. கொஞ்சம் கோணல். உள்ளே அம்மிக் குழவியை வைத்துத் தூக்கினேன். ஒரு பிளாச்சும் அசையவில்லை! பாவா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆங், பரவால்ல." அவர் வாயில் இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கூடையோடு தெருவில் இரண்டு தடவை சும்மா நடந்தேன்.

ஆடி 16, கிருத்திகை
தூறல். மலை முழுக்கக் காவடி. கூடை நிறையச் சாமந்தி, அரளி. பாதிப் படியில் மூச்சுவாங்க நின்றேன்.
"குடுங்க, நான் தூக்கினு வரேன்."
"வேணாம் சரோஜா, இன்னும் படி நெறைய இருக்குது."
"என் உசுருக்குத்தானே வேண்டிகினீங்க? குடுங்க."
தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். வைகாசியில் தண்ணீர்ச் செம்பைப் பிடிக்க முடியாத கை. கடைசிப் படி வரை இறக்கவேயில்லை. "அரோகரா!" என்று நான் போட்ட சத்தத்தில் காவடிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.