ஓங்கிய சுத்தியல்

நேற்று மதியம் மணி அடித்துவிட்டது, டீச்சர்.

இதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நலமா என்று கேட்கவில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் அதற்குக் குறைவிருக்காது என்று நம்புகிறவள் நான். உங்கள் சாமி வேறு, என் சாமி வேறு என்றாலும் இந்த ஒரு காரியத்தில் இருவரும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும்.

நம் ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் அந்தப் பெண் ஓங்கிய கையை ஒருவழியாக இறக்கினாள். சுத்தியல் மணியில் பட்டது. எங்கள் வீட்டு டிவிக்குள்ளிருந்து வெண்கலச் சத்தம் புறப்பட்டு, கூடத்தில் காயப்போட்டிருந்த மிளகுக்கு மேலாகப் போய், வாசலைத் தாண்டிப் போயிற்று. பாய் முழுக்க உட்கார்ந்திருந்த உங்கள் விடுதிப் பிள்ளைகள் டிவியை நெருங்கி நகர்ந்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"வார்டன் டீச்சர் இருந்திருந்தா அழுதிருப்பாங்க."

"அவங்களா? அழுது முடிச்சுப்போட்டு, 'ஏட்டி, திரும்பப் போடு'ன்னு ரிமோட்டப் புடுங்கியிருப்பாங்க" என்றாள் இன்னொருத்தி.

உங்கள் 'ஏட்டி'யை அவள் அப்படியே உங்கள் குரலில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ரிமோட்டை அமுக்கிப் பின்னால் ஓட்டினார்கள். சுத்தியல் மணியை விட்டு விலகி மறுபடி மேலே போயிற்று. அதைப் பார்த்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் பழக்கம் தொடங்கியதே நான் பின்னாலிருந்து படித்ததில்தானே. என் மகள் கோயம்புத்தூர் வேலைக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய மங்கா புத்தகங்களை வீட்டில் விட்டுப்போனாள். ஜப்பான்காரர்கள் வரைகிற படக்கதை. கட்டத்துக்குள் இருக்கும் இங்கிலீஷ் எனக்கு அகராதியை வைத்துக்கொண்டு படிக்கும் அளவுக்கு வரும். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துகளைக் கூடவே உட்கார்ந்து நானும் படித்ததுதான். முதல் புத்தகத்தை எடுத்து, தேவாரப் புத்தகத்தைத் திறக்கிற மாதிரியே இடப்பக்கமாகத் திறந்தேன். வலப்பக்கமிருந்து படிக்கிற அவர்களுக்கு அது கடைசிப் பக்கம் என்று எனக்கு யார் சொல்வார்கள்?

பேச்சில்லாத ஒரு பையன். மணி வார்க்கும் பட்டறை. எரிந்த கூரை. பக்கம் திருப்பத் திருப்பக் கூரை எழும்பியது, நெருப்பு அடங்கியது, பையனின் முகம் தெளிந்தது. கடைசியில், அதாவது நான் முடித்த இடத்தில், அந்தப் பையன் தன் அக்காவைப் பார்த்துப் பேசியே விட்டான். நான் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இத்தனை நல்ல பக்திக் கதையை இந்தக் காலத்தில் யார் வரைகிறார்கள் என்று இருந்தது.

அப்போது நீங்கள் விடுதி வார்டனாக எங்கள் மலையூரான அரியூர் நாட்டுக்கு மாற்றலாகி வந்த புதிது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில்தான் விடுதியும் உங்கள் குடியிருப்பும். வேலியோரம் கறிவேப்பிலை கேட்டு வந்தவரிடம் நான் இந்தக் கதையைச் சொல்ல, நீங்கள் கையில் கொத்தோடு அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"அக்கா, இத எங்க விடுதிப் பிள்ளைய போன்ல பாத்துக்கிட்டுல்லா கெடக்கு. நானும் கூட உக்காந்து பாத்தேன். ஆனா நீங்க சொல்லுத கதையில பேசாத பய பேசுதான். எங்க கதையில பேசுத பய பேச்சத்துப் போறான்."

"அதெப்படிங்க டீச்சர்? நான் கண்ணால பாத்தனுங்களே."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினீர்கள். பிறகு வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களே ஒரு சிரிப்பு, மாடு மிரண்டு போயிற்று.

அன்றிலிருந்து ஞாயிறு மதியம் நமக்கென்று ஆயிற்று. எங்கள் வீடு சரிவைப் பார்த்து இருப்பதால் சிக்னல் கிடைக்கும். மங்காவையே ஓடும் படமாக்கி, தமிழில் பேச்சு மாற்றி, வாரம் ஒன்றாக விடுகிற அனிமேவைப் பார்க்கப் பிள்ளைகளோடு வருவீர்கள். தம்பியின் குரலை மீட்க அக்காக்காரி ஒரு மணியைச் சுமந்துகொண்டு பனிமலை ஏறுகிறாள். உச்சியில் அதைத் தொங்கவிட்டு ஒரே அடி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. மலை ஏறுகிற கதை நமக்குப் பிடிக்காமல் போகுமா?

உச்சிக்கு வந்து சுத்தியலை ஓங்கினாள் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. ஓங்கினாள், தம்பியின் சிறுவயது. மறுபடி ஓங்கிய கை. பட்டறை எரிந்த கதை. நெற்றியிலிருந்து ஒரு வியர்வைச் சொட்டு புறப்பட்டுத் தாடைக்கு வருவதற்குள் அந்த வாரம் முடிந்தது. அடுத்த வாரம் அதே சொட்டு மறுபடி நெற்றியிலிருந்து. புத்தகத்தில் இது எத்தனை பக்கம்? ஒரு பக்கத்தில் கையை ஓங்குகிறாள். பக்கத்தைத் திருப்பினால் விரித்த இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே அடி. திருப்புகிற நேரத்துக்குள் என் மூச்சு நின்று வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. பால் கணக்கு எழுதுகிற மாதிரி இந்த வாரம் புதுசு எவ்வளவு, பழசு எவ்வளவு என்று காலண்டரில் குறித்து வைத்தேன். ஒரு வாரம் தலைப்புப் பாட்டையும் முன்கதையையும் கழித்தால், புதுசு என் அடுப்பில் ஒரு பால் பொங்குகிற நேரம்கூட இல்லை.

"குழம்புக்குத் தண்ணி ஊத்தறதுக்கும் ஒரு அளவு இருக்குதுங்க டீச்சர். இது வெறும் தண்ணியிலயே தாளிக்கறாங்க."

"கொடுத்த காசுக்குக் கணக்குக் கேக்க மாரில்லா கேக்கிய! சும்மாதானக்கா பாக்கோம்" என்று கேலி செய்தீர்கள்.

ஏன் இழுக்கிறார்கள் என்பதை மகள்தான் போனில் விளக்கினாள். மங்கா வரைகிறவர் இன்னும் வரைந்துகொண்டே இருக்கிறார். படம் அவரை முந்திப் போய்விட்டால் மேற்கொண்டு காட்டக் கதை இருக்காது. அதனால் பழசைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள். எனக்கு உடனே புரிந்தது. கோயில் நோம்பிக்கு வருகிற கூத்துக்காரர்கள் விடிந்து முதல் பஸ் வரும்வரை கதையை முடிக்க மாட்டார்கள். முடித்தால் சனம் எங்கே போய் நிற்கும்? ஆனால் கோமாளி இழுக்கிற இழுப்பில் புதுப் பேச்சு இருக்கும், எங்கள் ஊர்க் கவுண்டரையே வம்புக்கு இழுப்பான். இவர்கள் வரைந்த படத்தையே மறுபடி மறுபடி போடுகிறார்கள். பழைய கதை வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வரும்போது கையில் ஏதாவது புதிதாகக் கொண்டு வர வேண்டாமா?

இதை நான் சொன்னபோதுதான் நீங்கள் அந்த அணில் கதையைச் சொன்னீர்கள். விடுதிக்குப் புதிதாக வந்த சின்னப் பிள்ளை ஒருத்தி, தன் வீட்டில் வளர்த்த அணிலைப் பற்றி தினமும் உங்களிடம் சொல்வாள். ஒரே அணில், ஒரே கதை, ஒரே இடத்தில் அழுகை.

"நானும் தெனமும் புதுசா கேக்க மாரியே கேப்பேன். என்ன செய்ய? அவளுக்கு வீட்டுக்குப் போக வேற வழி கெடையாதுல்லா. இந்த அக்காக்காரியும் அப்படித்தான். அடிச்சிட்டா தம்பி என்ன ஆவானோன்னு பயம். கை ஓங்கியிருக்க மட்டும் அவன் பேசுதான், ஓடுதான். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போட்டுமேக்கா."

அந்த வாரம்தான் உங்கள் வயிற்றில் இருப்பது கட்டி என்று சேலம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வைத்தியம் தொடங்கியபிறகும் ஞாயிறு மதியம் தவறவில்லை. நீங்கள் பார்வைக்கே பாதியாகிக்கொண்டு வந்தீர்கள். அவள் கை ஓங்கியபடியே நின்றது. அன்றாடம் விளக்கேற்றிக் கும்பிடும்போது, 'ஈசுவரா, அந்தப் புள்ள கைய எறக்கச் சொல்லு' என்று வேண்டுவேன். கார்ட்டூனுக்கு வேண்டுதலா என்று வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். நான் வேண்டியது கார்ட்டூனுக்கா?

புத்தகம் என் பெட்டியில் இருந்தது. ஒரு நிமிடத்தில் காட்டிவிடலாம். நீங்கள்தான் விடவில்லை. "புஸ்தகத்துல சத்தம் கேக்காதுல்லா. எனக்கு அந்த மணிச் சத்தம் கேக்கணும். காதால கேக்கணும்." புத்தகத்தை மறுபடி பெட்டியில் போட்டு மூடினேன்.

பிறகு உங்களை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி ஞாயிறு, சோளக்காடு நிறுத்தத்தில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்தேன். பையில் மலைவாழைப்பழம், கோயில் துண்ணூறு, அந்தப் புத்தகம். துண்ணூறை எடுக்கலாமா என்று தயங்கியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "தலமாட்டுல வைங்கக்கா. பைபிளுக்குத் தொணையா இருக்கட்டும்" என்றீர்கள்.

என் போனைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். அன்று புதிதாக ஒரு கோடுகூட இல்லை. முதலிலிருந்து நடந்த கதையையெல்லாம் துண்டு துண்டாக ஒட்டி, கடைசியில் ஓங்கிய கையைக் காட்டி முடித்துவிட்டார்கள். போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

"இன்னிக்கும் அடிக்கலீங்க டீச்சர்."

"கைய ஓங்கிட்டால்லா. அடிக்காம எங்க போவா."

"அடுத்த வாரமும் இதையேதான் காட்டுவாங்க. நான் சொல்லிப்போடறனுங்க. புஸ்தகம் பையிலயே இருக்குது."

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தீர்கள். அடுத்த வாரம் என்ற சொல்லை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"சரி, வாசிங்க. ஆனா நேரா வேண்டாம். மொதல்ல ஒரு நாள் வாசிச்சியள்லா, வேலிகிட்ட நின்னு சொன்னிய... அந்த மாரி வாசிங்க."

இடப்பக்கமாகத் திறந்தேன். விரித்த இரண்டு பக்கத்திலும் மணி அதிர்ந்துகொண்டிருந்தது. சுத்தியல் அதை விட்டு எழுந்தது. கை மேலே போய், ஓங்கி, மெல்லத் தோளுக்கு இறங்கியது. அவள் மணியைக் கழற்றிச் சுமந்துகொண்டு மலை இறங்கினாள். பனி தரையிலிருந்து கிளம்பி வானத்துக்குப் போயிற்று. பையில் இருந்தது அந்த ஒரு புத்தகம்தான். மற்றதை மனதில் இருந்தபடி சொல்லிக்கொண்டே போனேன். வழியில் செத்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், வழியனுப்பியவர்கள் எதிர்கொண்டு வந்தார்கள். எரிந்த பட்டறை எழும்பியது. நெருப்பு உலைக்குள் போய் அடங்கியது. பேச்சற்ற பையன், வார்த்த மணியில் கை வைத்துக்கொண்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டீர்கள். கண் மூடியிருந்தது.

"'அக்கா, ஆறிப்போச்சு. இனித் தொடலாம்'னு சொன்னானுங்க."

"பேசிட்டாம்லா."

"பேசிட்டானுங்க டீச்சர்."

தண்ணீர் கேட்டீர்கள். இரண்டு வாய் குடித்தீர்கள். "கடைசி பஸ்ஸ விட்டுராதிய" என்று என்னை விரட்டினீர்கள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்குள் எல்லாம் முடிந்து, உங்கள் அண்ணன் வந்து, உங்களை உங்கள் ஊருக்கே கொண்டுபோய்விட்டார். விடுதியில் பிள்ளைகள் உங்கள் ஜெபப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். எனக்கு அதில் பாதிதான் தெரியும். தெரிந்த பாதியில் நானும் சேர்ந்துகொண்டேன்.

நேற்று வந்த சத்தம் நன்றாகவே இருந்தது. கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், இத்தனை வாரம் இழுத்ததற்கு அது ஈடாகாது. அதற்காக அவர்களை நான் மன்னிக்கப் போவதும் இல்லை. ஆனாலும் நீங்கள் சொன்னது சரி, புத்தகத்தில் அது இல்லை. அடித்த பிறகும் வெகுநேரம் இருந்தது. தம்பி பேசினானா என்பதை இன்னும் காட்டவில்லை. வரைகிறவரே இன்னும் அதுவரை வரவில்லையாம்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். சாயங்காலம் எங்கள் வீட்டுப் பூஜை மணி கேட்டால்தான் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும் என்று விடுதிச் சமையல்காரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தீர்கள். அவர் இன்னும் அப்படித்தான் செய்கிறார். நேற்று மணி கொஞ்சம் தாமதம் என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்கம்மா, இன்னும் மணி அடிக்கலீங்களா?"

"வாரனுங்க, கையிலதான் இருக்குது" என்றேன்.

கையில்தான் இருந்தது, டீச்சர். இப்போதெல்லாம் மணியை எடுத்தவுடன் நான் ஆட்டுவதில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். வேலியோரம் நீங்கள் கறிவேப்பிலைக் கொத்தோடு வந்து நிற்கிறீர்கள். சிரிக்கிறீர்கள். மாடு மிரளுகிறது. அதன்பிறகுதான் அடிக்கிறேன்.